ஆடிப்பெருக்குக்கு முதல் நாள் நீக்கிய கோப்புகள்

"ஆடி 17, சனி. மாலை 4.10. டிஸ்க்கில் காலி இடம் 3.1 ஜிபி. தேவை 30 ஜிபி. கெடு: நாளை காலை 10 மணி. நீக்குபவர்: நான். சாட்சி: மனைவி."

நீல அட்டை போட்ட நாற்பது பக்க நோட்டு ஒன்றின் முதல் பக்கத்தில் என் கையெழுத்தில் இப்படி இருக்கிறது. அதற்குக் கீழே ஸ்கேல் வைத்துக் கோடு கிழித்து ஐந்து பத்திகள்: வரிசை எண், கோப்பின் பெயர், அளவு, நீக்கும் காரணம், கையெழுத்து. கடைசிப் பத்தி இரண்டாகப் பிரிந்திருக்கும், இரண்டு பேர் கையெழுத்துப் போடுவதற்காக. கணினியில் இடம் இல்லையென்றால் எல்லோரும் வேண்டாத நாலைந்து கோப்புகளை அழித்துவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். நான் முதலில் நோட்டுப் போட்டேன். அதில் வேடிக்கை எதுவும் இருப்பதாக அன்று எனக்குத் தோன்றவில்லை.

காக்களூர் தொழிற்பேட்டையில் லேத் பட்டறை ஒன்றில் இருபத்திரண்டு வருடங்களாக அளவுக் கருவிகளின் அறையைப் பார்த்துக்கொள்கிறேன். வெர்னியர், மைக்ரோமீட்டர், கேஜ் எல்லாம் சரியாக அளக்கின்றனவா என்று சோதித்து, அடுத்த சோதனைக்கான தேதியைச் சின்ன ஸ்டிக்கரில் எழுதி ஒட்டுவது என் வேலை. பழுதான கருவியை நான் நினைத்தவுடன் தூக்கிப் போட முடியாது. பதிவேட்டில் எழுத வேண்டும், காரணம் சொல்ல வேண்டும், இரண்டு பேர் கையெழுத்திட வேண்டும். அதன் பிறகும் கருவி முப்பது நாள் சிவப்புப் பெட்டியில் கிடக்கும். யாராவது தேடி வரக்கூடும் என்பதற்காக அந்த முப்பது நாள். இந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. எங்கள் வீட்டு மிக்ஸியின் அடியில் அதை வாங்கிய தேதி ஒட்டியிருக்கிறது.

எங்கள் வீடு பெரியபாளையத்தில். நான் காலையில் திருவள்ளூர் பக்கம் போகும் பஸ்ஸில் ஏறுவேன். மனைவி எதிர்த் திசையில், கும்மிடிப்பூண்டிக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில் ஏறுவாள். கார்களுக்கு உள்ளே ஓடும் மின்கம்பிகளைக் கட்டாகக் கட்டித் தரும் தொழிற்சாலை ஒன்றில் அவளுக்கு ஒன்பது வருட அனுபவம். நின்றுகொண்டே செய்யும் வேலை. லைன் லீடர் பதவிக்கு இரண்டு முறை தேர்வு எழுதி, இரண்டு முறையும் சில மதிப்பெண்களில் விட்டிருந்தாள். நாற்பத்தைந்து வயதுக்கு மேல் அந்தத் தேர்வை எழுத முடியாது என்பது அங்கே விதி. அவளுக்கு அந்தக் கார்த்திகையோடு நாற்பத்தைந்து முடிகிறது. தேர்வு வருடத்துக்கு ஒரு முறைதான். எனவே இதுதான் கடைசி.

இந்த முறை தேர்வை வீட்டிலிருந்தே கணினியில் எழுதலாம் என்று சொல்லிவிட்டார்கள். தேதி ஆடிப்பெருக்கு ஞாயிறு. தேதியை முடிவு செய்தவர் பெரியபாளையத்துக்காரர் இல்லை என்பது மட்டும் நிச்சயம். ஆடி ஞாயிறு என்றாலே அம்மன் கோயிலுக்கு வரும் கூட்டத்தில் எங்கள் ஊர்த் தெருவுக்குள் சைக்கிள்கூட நுழையாது. சனிக்கிழமை மதியத்திலிருந்தே வெளியூர் வண்டிகளை ஊருக்கு வெளியே நிறுத்திவிடுவார்கள். கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருப்பவர் ஆடி மாதம் முழுக்க மேசைகளை ஓரமாக அடுக்கிவிட்டு, அந்த அறையைப் பொங்கல் வைக்க வருபவர்களுக்கு வாடகைக்கு விட்டுவிடுவார். மகளின் லேப்டாப் அவளோடு கோயம்புத்தூர் விடுதியில் இருந்தது. ஆக, தேர்வு எழுத எங்கள் வீட்டு மேசைக் கணினியை விட்டால் வேறு வழி கிடையாது.

தேர்வுக்கான மென்பொருளின் சுட்டி அவள் கைபேசிக்குச் சனிக்கிழமை மதியம்தான் வந்தது. அதைக் கணினியில் ஏற்றி ஓடவிட்டதும், அது முதலில் எங்கள் கணினியைச் சோதித்தது. கேமரா, மைக், இணையம் மூன்றுக்கும் பச்சை டிக் விழுந்தது. நான்காவதற்குச் சிவப்புப் பெருக்கல் குறி.

"மூணு பச்ச, ஒரு செவப்பு. செவப்பு இன்னா சொல்லுது?" என்று கேட்டாள் மனைவி.

"எக்ஸாம் முடியற வரைக்கும் உன் முகத்தையும் ஸ்க்ரீனையும் வீடியோ எடுத்துக்கினே இருக்குமாம். அதுக்கு முப்பது ஜிபி காலியா இருக்கணுமாம்."

"நம்மகிட்ட எவ்ளோ கீது?"

"மூணு."

அவள் கணினியை மேலும் கீழும் பார்த்தாள். "நான் இந்தப் பொட்டி முன்னாடி உக்காந்தே ஆறு மாசம் ஆவுது. யாரு இத்த இப்டி அடச்சி வெச்சது?"

நான் நோட்டில் கோடு கிழித்துக்கொண்டே இருந்தேன்.

பெரிய கோப்புகளைக் கண்டுபிடிப்பது கஷ்டமான வேலை இல்லை. ஃபோல்டரைத் திறந்து, மேலே தேடும் பெட்டியில் அளவைக் குறிப்பிட்டால், அதற்கு மேலுள்ள எல்லாக் கோப்புகளையும் கணினி தேடிக் கொண்டுவந்து வரிசையாக வைக்கும். அளவு என்ற தலைப்பின் மேல் ஒரு முறை தட்டினால் பெரியது மேலே வந்து நிற்கும். அப்படிச் செய்யும்போது நாம் வருடக்கணக்கில் பார்க்காத பெயர்கள் எல்லாம் மேலே வரும். என் விஷயத்தில் வந்தது ஒரே பெயர். முன்னால் தேதி மட்டும் வேறு.

இதை விளக்க வேண்டும். நான் தினமும் குறிப்பு எழுதுகிறவன். மழை எத்தனை மணிக்குத் தொடங்கியது, சோழவரம் ஏரியில் தண்ணீர் எந்தப் படிக்கட்டு வரை ஏறியது, எங்கள் தெருவில் எந்த வீட்டுக்கு என்றைக்கு வெள்ளையடித்தார்கள், எந்தப் புத்தகத்தை என்றைக்கு வாசித்து முடித்தேன் என்று எல்லாம் அதில் இருக்கும். பஸ் டிக்கெட், கல்யாணப் பத்திரிகை, மின்தடை அறிவிப்பு ஆகியவற்றையும் ஸ்கேன் செய்து சேர்த்துவிடுவேன். வெள்ளிக்கிழமை மாலை சாமி படங்களுக்குக் கற்பூரம் காட்டியபின் கணினிக்கும் காட்டுவது எங்கள் வீட்டு வழக்கம். கற்பூரம் அணைந்ததும் நான் உட்கார்ந்து, குறிப்புகள் உள்ள ஃபோல்டரை முழுதாகப் பிரதி எடுத்து, அதைச் சுருக்கி ஒரே கோப்பாக்கி, அன்றைய தேதியைப் பெயராக வைப்பேன். ஒன்று கெட்டுப்போனால் இன்னொன்று இருக்க வேண்டும் என்பதற்காக. ஒரு பிரதி 350 எம்பி. எண்ணிப் பார்த்தபோது அறுபத்தொரு வெள்ளிக்கிழமைகள் இருந்தன.

மனைவி திரையை மேலிருந்து கீழே உருட்டிப் பார்த்தாள். தேதிகள் ஓடிக்கொண்டே இருந்தன.

"ஒரே சோத்த அறுவத்தியொரு தட்டுல போட்டு வெச்சிக்கினு, ஊட்ல தட்டு இல்லன்னு சொல்ற ஆள இப்பதான் பாக்கறேன்."

"ஒண்ணு போச்சின்னா இன்னொண்ணு இருக்கும் இல்ல?"

"எல்லாம் ஒரே பொட்டிக்குள்ளதான கீது? பொட்டியே போச்சின்னா?"

இருபத்திரண்டு வருடங்களாகத் தரக் கட்டுப்பாட்டில் இருக்கிற எனக்கு இந்தக் கேள்வி ஒரு முறைகூடத் தோன்றியதில்லை. அதை நோட்டின் ஓரத்தில் குறித்துக்கொண்டேன். மணி 4.31.

கடைசி மூன்று வெள்ளிக்கிழமைகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற ஐம்பத்தெட்டையும் நீக்குவது என்று முடிவாயிற்று. நான் ஒவ்வொன்றாக நோட்டில் ஏற்றத் தொடங்கினேன். பெயர், அளவு, காரணம்: "மிகைப் பிரதி". கையெழுத்து. மனைவியின் கையெழுத்து. ஏழாவது வரி முடிந்ததும் அவள் என் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கினாள். எட்டிலிருந்து ஐம்பத்தெட்டு வரை என்று எழுதி, நீளமாக ஒரு அடைப்புக்குறி போட்டு, அதன் மேல் குறுக்கே கையெழுத்தும் போட்டாள். அந்த அடைப்புக்குறி இன்றும் அந்தப் பக்கத்தில் கோணலாக நிற்கிறது.

"கணக்கு பாத்தா நாளிக்கி சாயங்காலம் வரிக்கும் கையெழுத்து போட்டுக்கினே இருப்போம். எக்ஸாம எவ எழுதறது?"

நீக்கினேன். காலி இடம் எவ்வளவு என்று அவள் பார்த்தாள். 3.1 ஜிபி.

"இன்னாங்க, அப்டியேதான் கீது?"

"அப்படியேதான் இருக்கும். ரீசைக்கிள் பின்ல இருக்குதுல்ல."

"அதுலயிருந்து தூக்க வேண்டியதுதான?"

"முப்பது நாள் கிடக்கட்டும். ஒருவேளை தேவைப்பட்டா?"

இதை எழுதும்போது எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. ஆனால் அன்று நான் முழு நம்பிக்கையோடு சொன்னேன். பட்டறையில் சிவப்புப் பெட்டி எப்படியோ, வீட்டில் எனக்கு ரீசைக்கிள் பின் அப்படி. ஒவ்வொரு மாதமும் முப்பது நாள் தாண்டியவற்றை மட்டும் தேதி பார்த்து எடுத்துவிடுவேன். அதற்குள் போவது அழிவது அல்ல, காத்திருப்பது என்று என் மனதில் பதிந்துபோயிருந்தது.

மனைவி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். "அப்ப ஒண்ணு பண்ணுங்க. கம்பெனிக்கு ஒரு லெட்டர் எழுதுங்க. எங்க ஊட்டுக்காரரு ஃபைல முப்பது நாள் ஊறப் போட்டுக்கீறாரு, அதனால எக்ஸாம ஆவணி கடைசில வெச்சிக்கோங்கன்னு."

"கோவிச்சிக்காத."

"கோவமில்ல. எனக்கு இது கடேசி வாட்டி. உங்களுக்குத் தெரியாதா இன்னா?"

எனக்குத் தெரியும். ரீசைக்கிள் பின்னைக் காலி செய்தேன். அதில் ஏற்கெனவே கிடந்த 1.6 ஜிபியும் சேர்ந்து போயிற்று. காலி இடம் 25 ஆனது. பிறகு மென்பொருள்கள் தாங்களாகச் சேர்த்துவைத்த தற்காலிகக் கோப்புகளை ஐம்பத்தொன்பதாவது வரியில் ஏற்றித் துடைத்தேன், இன்னும் 1.2 கிடைத்தது. நோட்டில் மாலை 5.40 என்று போட்டு எழுதியிருக்கிறேன்: "காலி 26.2. பற்றாக்குறை 3.8."

என் பக்கத்தில் மீதமிருந்த பெரிய கோப்பு ஒன்றுதான். 12.4 ஜிபி. அதன் பெயரிலும் தேதி இருந்தது, பதினேழு வருடங்களுக்கு முந்தைய தேதி. அதை நீக்கினால் எல்லாம் முடிந்தது.

மகளுக்கு முதல் மொட்டை அடித்த அன்று எடுத்த வீடியோ அது. பட்டறை ஃபோர்மேனிடம் இரவல் வாங்கிய ஹேண்டிகேம், சின்ன டேப் போடும் வகை. பிறகு ஒரு ஸ்டுடியோவில் கொடுத்து அந்த டேப்பைக் கணினிக்கு மாற்றி, டேப்பை ஃபோர்மேனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். அந்த வகையில் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று ஜிபி ஆகும். எதை எடுத்தாலும் அவ்வளவுதான். இருட்டை எடுத்தாலும் அதே இடத்தைத்தான் அடைக்கும்.

அதை நான் ஒரே ஒரு முறைதான், அதுவும் முதல் ஐந்து நிமிடம் மட்டுமே பார்த்துவிட்டு, மீதியைச் சத்தமில்லாமல் வேகமாக ஓட்டியிருந்தேன். அதற்கு மேல் பார்க்க வெட்கமாக இருந்தது. கோயில் வாசலில் நின்று, தேதி, மணி, இடம் எல்லாவற்றையும் சத்தமாகச் சொல்லித் தொடங்கியிருக்கிறேன், பட்டறையில் சோதனைக்கு முன் சொல்வதுபோல. நிறுத்தும்போது பொத்தானை இரண்டு முறை அழுத்திவிட்டேன். அதிலிருந்து எல்லாம் தலைகீழ். எடுப்பதாக நினைத்த நேரத்தில் கேமரா நின்றிருக்கிறது. நிறுத்திவிட்டதாக நினைத்துக் கையில் தொங்கவிட்டபோது ஓடியிருக்கிறது. மொட்டை இல்லை, குழந்தை அழுதது இல்லை, சந்தனம் பூசியது இல்லை. இருப்பது தரை, செருப்பில்லாத கால்கள், மஞ்சள் புடவையின் ஓரம், உதிர்ந்த வேப்பிலை, பிறகு பையின் உட்புறத்து இருட்டு.

"அழிக்கறதுக்கு மின்ன ஒரு தபா பாத்துடலாம்" என்றாள் மனைவி. டீயை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

திரையில் கால்கள் போய்க்கொண்டிருந்தன. குரல்கள் தெளிவாக இருந்தன. முதலில் கேட்டது என் அண்ணியின் குரல். சோழவரத்தில் இருப்பவர், என் அண்ணனின் மனைவி.

"இன்னாடி உன் ஊட்டுக்காரரு, மொட்ட அடிக்கிற எடத்துல கூட வாட்ச்ச பாத்துக்கினு கீறாரு?"

"அவரு தாலி கட்ன நேரத்தயே நிமிசத்தோட எழுதி வெச்சவரு அக்கா. வுடு." இது மனைவி. இப்போதைய குரலைவிட மெல்லியது, வேகமானது.

மேசைக்கு எதிரே உட்கார்ந்திருந்தவள் டீயைச் சிந்திவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். தாலி கட்டிய நேரம் என்னிடம் நிமிடத்தோடு இருப்பது உண்மைதான்.

முப்பத்து நான்காவது நிமிடத்தில் படம் முழு இருட்டு. பைக்குள் போய்விட்டது போலிருக்கிறது. பக்கத்தில் ஏதோ ஒரு பாத்திரம் தட்டுப்படும் சத்தம். இருவரும் எங்கேயோ உட்கார்ந்திருக்கிறார்கள். மனைவியின் குரல் தணிந்து வந்தது.

"இது ஸ்கூலுக்குப் போவட்டும்கா. அப்பறம் நானும் கும்முடிபூண்டி பஸ்ஸுல ஏறிடுவேன்."

"அவரு வுடுவாரா?"

"இன்னும் சொல்லல. சொன்னா தேதி கேப்பாரு."

அதன் பிறகு இரண்டு பேரும் சிரிக்கிறார்கள். நான் படத்தை நிறுத்தினேன். என் குறிப்புகளில் மனைவி வேலைக்குப் போக விரும்பியதைப் பற்றிய பதிவு இருக்கிறது. அவள் என்னிடம் சொன்ன நாளின் தேதி அது, ஒன்பது வருடங்களுக்கு முந்தையது. அந்த எண்ணம் அவளுக்கு அன்றுதான் தோன்றியது என்று நான் அதில் எழுதியிருந்தேன். அது தவறு. எட்டு வருடங்கள் முன்பே அவள் முடிவு செய்திருக்கிறாள். அந்த எட்டு வருடங்கள் என் குறிப்புகளில் எங்கேயும் இல்லை.

"இத அழிக்க முடியாது" என்றேன். "ஆதாரம் இது."

"ஆதாரமா? நானே எதிர்ல உக்காந்துகினு கீறேன்."

"அன்னிக்கு நீ சொன்னது இதுல மட்டும்தான் இருக்குது."

அவள் டீ டம்ளரைப் புடவை முனையால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அழிக்காமல் நகர்த்திவிட முடியுமா என்று பார்த்தேன். மேசை இழுப்பறையில் பதினாறு ஜிபி பென் டிரைவ் ஒன்று இருந்தது, முழுக்கக் காலியாக. பன்னிரண்டு ஜிபி அதற்குள் தாராளமாக நுழைய வேண்டும். ஆனால் கோப்பு மிகப் பெரியது என்று சொல்லிக் கணினி மறுத்துவிட்டது. பழைய முறையில் தயாரான பென் டிரைவில், எவ்வளவு காலி இடம் இருந்தாலும் ஒற்றைக் கோப்பு நாலு ஜிபியைத் தாண்டக் கூடாது என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். அதை வேறு முறைக்கு மாற்றலாம் என்று எங்கோ படித்ததாக நினைவு. மாற்றப்போய் மறுநாள் காலையில் வேறு ஏதாவது கெட்டுவிட்டால் என்ன செய்வது என்று விட்டுவிட்டேன். எங்கள் இருவர் கைபேசியிலும் அவ்வளவு இடம் இல்லை. வீடியோவைச் சுருக்கலாம். அதற்கு மணிக்கணக்கில் கணினி வேண்டும், அவளுக்கோ மாதிரித் தேர்வுகளைப் போட்டுப் பார்க்க அதே கணினி வேண்டும்.

நோட்டில் அறுபதாவது வரியில் அந்தக் கோப்பின் பெயரையும் அளவையும் எழுதினேன். காரணத்தை எழுதவில்லை. "காலைல அழிச்சிடறேன்" என்றேன். அவள் சரி என்று தலையாட்டிவிட்டு, வினாத்தாள்களை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கெல்லாம் தெருவில் மேளம் தொடங்கிவிட்டது. எட்டரைக்கு அண்ணி வந்தார். வேண்டுதலுக்காக வேப்பிலையைப் புடவையாகச் சுற்றிக்கொள்ள வந்தவர், கட்டு வேப்பிலையோடு வாசலில் நின்று, "இன்னா தம்பி, ஊட்ல யாரும் பேச மாட்டன்றீங்க? சண்டையா?" என்று கேட்டார். தேர்வு விஷயத்தைச் சொன்னேன். டேப்பில் அவர் குரலைக் கேட்டதையும் சொன்னேன்.

"நான் இன்னா சொன்னேன் அதுல?"

"நான் வாட்ச்ச பாத்துக்கினே இருக்கேன்னு சொன்னீங்க."

"இப்பவும் பாத்துக்கினுதான கீறீங்க?" என்றார். உண்மையிலேயே பார்த்துக்கொண்டிருந்தேன். மணி 9.05.

கணினியில் மனைவிக்கென்று தனி லாகின் உண்டு. அதற்குள் இருப்பவற்றை என் லாகினிலிருந்து பார்க்க முயன்றால், அனுமதி இல்லை, தொடரவா என்று கேட்கும். தொடர என்று அழுத்தினால் திறந்துவிடும். கணினி வாங்கிய நாளிலிருந்து நான் அதை அழுத்தியதில்லை. முந்தைய நாள் தேடும்போதும் அந்தப் பக்கம் போகவில்லை. தேர்வை அவள் லாகினில்தான் எழுத வேண்டும் என்பதால், ஒன்பது முப்பத்தைந்துக்கு அவள் அதைத் திறந்து உட்கார்ந்தாள்.

நான் என் லாகினுக்கு மாற்றி அந்த வீடியோவை நீக்கித் தருவதாகச் சொன்னேன். "மொதல்ல ஜன்னல சாத்துங்க. மைக்ல மேளம் வுழுந்தா ஆளு கீதுன்னு கம்ப்ளைண்ட் பண்ணும்" என்றாள். தெருப் பக்கத்து ஜன்னல் இரண்டும் மழையில் ஊதிப்போனவை, எளிதில் சாத்தாது. அண்ணியும் நானும் ஆளுக்கொன்றாகத் தள்ளி, இடுக்கில் துண்டைச் சுருட்டி அடைத்தோம். அதற்குப் பன்னிரண்டு நிமிடம் ஆனது. திரும்பி வந்தபோது சோதனைப் பக்கம் திறந்திருந்தது. நான்கும் பச்சை.

காலி இடம் 33.0 ஜிபி என்று இருந்தது.

நான் கணக்குப் போட்டேன். 26.2 இருந்த இடத்தில் 33. கூடியது 6.8. என் வீடியோவை நீக்கியிருந்தால் 38.6 இருக்க வேண்டும். அவள் அதைத் தொடவில்லை. தொட்டது வேறு.

"இன்னாத்த அழிச்ச?"

"என்னுத."

"அதான் எது?"

"மணி ஒம்போது அம்பது. கேமரால நீங்க தெரிஞ்சா என்ன தூக்கிடுவான். வெளிய போங்க மொதல்ல."

வெளியே போனேன். கதவைச் சாத்திக்கொண்டு, சமையலறை வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். நோட்டைக் கையில் எடுத்துவந்திருந்தேன். அண்ணி வேப்பிலையைக் கட்டிக்கொண்டு கிளம்பும்போது, "ஊட்டுக்குள்ளயே வுட மாட்டன்றாளா? சோக்கா கீது" என்று சொல்லிவிட்டுப் போனார். தேர்வு தொடங்கியது 10.00. மின்சாரம் போகவில்லை. 11.20க்கு ஒரு முறை உள்ளே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. மூன்று மணி நேரத்தில் அந்த நோட்டில் நான் எழுதியவை இந்த மூன்று வரிகள் மட்டும்தான். வழக்கமாக அவ்வளவு நேரத்தில் மூன்று பக்கம் எழுதியிருப்பேன்.

1.04க்குக் கதவு திறந்தது. முகம் வியர்த்திருந்தது. ஜன்னல் சாத்தியிருந்ததில் அறை அடுப்பாகிவிட்டது.

"முடிஞ்சிது. நாஷ்டாகூட துன்னல. இன்னா கீது?"

உப்புமா இருந்தது. அவள் சாப்பிட்டு முடிக்கும் வரை பொறுத்திருந்து நோட்டை நீட்டினேன். "ஒரு வரி பாக்கி. பேரு சொல்லு, எழுதிக்கறேன்."

அவள் பேனாவை வாங்கி அறுபதாவது வரியை, என் வீடியோ இருந்த வரியை, அடித்தாள். அறுபத்தொன்றாவது வரியில் அளவு என்ற பத்தியில் 6.8 என்று எழுதினாள். காரணம் என்ற பத்தியில் "எக்ஸாம்". கையெழுத்துப் பத்தியின் இரண்டு பாதியிலும் அவளே கையெழுத்துப் போட்டாள். பெயர் என்ற பத்தியை விட்டுவிட்டாள்.

"ரெண்டு பேரு போடணும் அதுல."

"என்னுதுக்கு நானே ரெண்டு பேரு" என்றாள்.

பதினோராவது நாள் முடிவு வந்தது. தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் இரண்டு பேர், அதில் ஒருத்தி இவள். ஆவணி மாதத்திலிருந்து இரண்டாம் ஷிஃப்டில் லைன் லீடராக இருக்கிறாள். அவள் வேலையைப் பற்றிய பழைய பதிவை நான் திருத்தி, டேப்பின் தேதியையும் நிமிடத்தையும் பக்கத்தில் சேர்த்தேன். வீடியோவைச் சுருக்கி இரண்டு இடத்தில் வைத்திருக்கிறேன், ஒன்று வீட்டுக்கு வெளியே.

அவள் நீக்கியது என்ன என்பதைப் பற்றி எனக்கு இரண்டு ஊகங்கள். முதலாவது, அவளுடைய லைனில் வேலை செய்யும் பெண்கள் எல்லோருமாகச் சேர்ந்து பழவேற்காடு போய்வந்தபோது எடுத்த வீடியோக்கள். நாங்கள் யாரும் இல்லாமல் அவள் மட்டும் போன ஒரே பயணம் அது. ஒரு நாள் கைபேசியில் யாரிடமோ, "அது இல்லடி, சிஸ்டத்துலேந்து போயிடுச்சி" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். எது என்று எனக்குக் கேட்கவில்லை. இரண்டாவது, மகள் விடுதிக்குப் போகும் வரை அவளைக் கைபேசியில் எடுத்துச் சேர்த்தவை. மனைவியிடம் இரண்டு முறை கேட்டேன். முதல் முறை "பழசுதான்" என்றாள். இரண்டாம் முறை, ரசத்துக்குப் பெருங்காயம் எடுத்துத் தரச் சொன்னாள். அவள் லாகினைத் திறந்து, அங்கே என்ன இல்லை என்று பார்த்தால் ஓரளவு தெரிந்துவிடலாம். பார்க்கவில்லை. எனவே வரிசை எண் 61, அளவு 6.8 ஜிபி, ஆடி 18, காலை ஒன்பதரைக்கும் ஒன்பது ஐம்பதுக்கும் இடையில் நீக்கப்பட்டது. கோப்பின் பெயர் சரிபார்க்கப்படவில்லை.